வராதோர் நேரில் வர வேண்டும்

மெட்ராஸ் பேப்பர் ஒரகடம் கூட்டுரோட்டுக்கு முதல் பஸ்ஸில் வரும். 1974ஆம் வருஷம் எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட் வந்த அன்று, கண்டக்டர் தணிகாசலம் பஸ் நிற்பதற்கு முன்பே கீழே குதித்து, சுந்தராம்பாளின் இட்லிக் கடை பெஞ்சில் பேப்பரை விரித்தான். பக்கம் முழுக்க எண்கள். வெல்லத்தில் எறும்பு மொய்த்த மாதிரி இருந்தது.

சுந்தராம்பாளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். எண்கள் அவ்வளவாகப் பழக்கமில்லை. மகள் கங்கா குனியாமல், நின்ற இடத்திலிருந்தே ஒரு பார்வை பார்த்தாள்.

"நானூத்தி முப்பத்திரெண்டு. நானூத்தி முப்பத்திநாலு" என்றாள்.

"உன்து முப்பத்திமூணு இல்ல?"

"ஆமா. நடுவுல எடம் விடல."

அவ்வளவுதான் சொன்னாள். பிறகு பஸ் ஹார்ன் அடித்தது. கங்கா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கடைக்குள் போய்விட்டாள்.

கங்காவுக்குப் பதினேழு வயது. யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்க மாட்டாள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வாள், அதையும் கேட்டபடிக்கே சொல்வாள். "உங்கம்மா எங்கடி?" என்று கேட்டால், "வூட்டுக்கும் கடைக்கும் நடுவுல" என்பாள். அது உண்மையாகவும் இருக்கும். அந்தக் காலத்தில் இதற்கு ஊரில் நல்ல பெயர் எதுவும் கிடையாது. கெட்ட பெயர்கள் நிறைய இருந்தன. எதிர் டீக்கடை பாப்பம்மாள் ஒருத்தியிடமே நாலைந்து இருந்தன.

ஆனால் எதையும் ஒரு முறை படித்தால் கங்காவுக்கு மறக்காது. ஊர்களுக்கெல்லாம் தபால்காரர்கள் புதிதாக ஆறு இலக்க எண் கொடுத்திருந்தார்கள் அல்லவா, அத்தனையும் அவளுக்கு மனப்பாடம். பக்கத்து ஊர் போஸ்ட் மாஸ்டர் இட்லி சாப்பிட வந்தவர், அதைக் கேட்டுவிட்டு, "வர்ற ஜனவரியில லெட்டர் பிரிக்க ஒரு ஆள் எடுக்கணும்மா. யார்கிட்டயும் பேச வேணாம். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் மட்டும் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். யாரிடமும் பேச வேண்டாத வேலை. தான் கண்ணை மூடிய பிறகு மகள் எப்படிப் பிழைப்பாள் என்று நினைத்து நினைத்து நொந்து கிடந்த சுந்தராம்பாளுக்கு, அது வல்லக்கோட்டை முருகனே இட்லி சாப்பிட வந்து சொன்ன மாதிரி இருந்தது.

அப்படியிருந்தும் அன்று காலை அவள் அழவில்லை. "அடுத்த ஈடு ஊத்தணும்" என்று எழுந்துபோய் இட்லித் தட்டில் மாவை ஊற்றினாள். அந்தத் தட்டில் பதினாறு குழி. ஒன்பதாவது குழிக்கு அடி விட்டுப்போய் ஏழு வருஷம் ஆகிறது. அன்று அதிலும் ஊற்றிவிட்டாள். மாவெல்லாம் பானைத் தண்ணீரில் இறங்கிப் பொங்கி, அடுப்பு அணைந்தது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

*

பள்ளிக்கூட வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. 'பதினோராவது ஆண்டாக நூற்றுக்கு நூறு' என்று துணியில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். தலைமை ஆசிரியர் தாண்டவராயன் கழுத்தில் போட்டிருந்த மாலையைக் கழற்றாமலே பேசினார்.

"உங்க பொண்ணு பெயில்னு யார் சொன்னது?"

சுந்தராம்பாளுக்கு உயிர் வந்தது. "அப்ப பாஸுங்களா சார்?"

"அதுவும் இல்ல. வரல."

"எங்க வரல?"

"பரீட்சைக்கு."

"நான்தான் சார் கூட்டினு வந்தேன். நீங்க கூட வாசல்ல நின்னு தலையில கைவெச்சு ஆசீர்வாதம் பண்ணீங்களே."

"ஆசீர்வாதம் நான் சொந்த முறையில செய்தது. வரலன்னு பட்டியல் போட்டது அலுவல் முறையில. ரெண்டையும் குழப்பக் கூடாது." தாண்டவராயன் மாலையைச் சரிசெய்துகொண்டார். "அம்மா, இந்தப் பள்ளியில பதினோரு வருஷமா யாரும் பெயில் ஆனதில்ல. ஏன்? பெயில் ஆகக் கூடியவங்க யாரும் பரீட்சைக்கு வந்ததில்ல. மத்த பள்ளிக்கூடத்துல ரிசல்ட் வந்த பிறகுதான் யார் பெயில்னு தெரியும். எங்களுக்குப் பரீட்சைக்கு முன்னாடியே தெரியும். இதைத்தான் கல்வித்தரம்னு சொல்றது. இந்த வருஷம் வந்தவங்க முப்பத்தெட்டு. தேறினவங்க முப்பத்தெட்டு."

கங்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி சொன்னாள். "நாப்பத்தோரு பேர் எழுதினாங்க. நான் ஜன்னல் பக்கம் நாலாவது பெஞ்சு. பரீட்சை பத்து மணிக்கு. நீங்க ஒம்போதே முக்காலுக்கு வராதவங்க பட்டியல்ல கையெழுத்து போட்டீங்க. அப்புறம் தும்மினீங்க."

"பாத்தீங்களா," என்றார் தாண்டவராயன் வருத்தத்தோடு, "இப்படிப் பேசற பொண்ணை எப்படிம்மா வந்ததா காட்டறது?"

*

செப்டம்பரில் மறுபடி எழுதலாம் என்று தணிகாசலம்தான் சொன்னான். விண்ணப்பம் ஜூலை பத்துக்குள் போட வேண்டும். சுந்தராம்பாள் கடையை மூடிவிட்டு, மகளை அழைத்துக்கொண்டு தாம்பரம் வழியாக மெட்ராஸ் போய், தேர்வுப் பெருமன்றத்தின் முன்னால் இறங்கினாள்.

கட்டடம் பெரியது. உள்ளே மூன்று ஜன்னல்கள். 'வென்றோர்', 'தோற்றோர்', 'வராதோர்' என்று மேலே எழுதியிருந்தது. முதல் இரண்டிலும் வாசல் வரை கூட்டம். மூன்றாவது ஜன்னலில் ஈ கூட இல்லை. அதன்மேல் ஒரு பலகை: 'வராதோர் நேரில் வர வேண்டும். பிரதிநிதிகள் ஏற்கப்பட மாட்டார்கள்.'

உள்ளே இருந்த குமாஸ்தா யாக்கோபுக்கு ஐம்பது வயது இருக்கும். ஆள் வந்ததைப் பார்த்ததும் பதறி எழுந்து சட்டைப் பொத்தானைப் போட்டார்.

"எம் பொண்ணு வராதவங்க பட்டியல்ல கீதுங்க. அதான் நேர்ல கூட்டினு வந்தேன்."

"வந்துட்டாங்களே!" என்றார் யாக்கோபு. "வந்தவங்களை வராதவங்கன்னு நான் எப்படிம்மா எடுத்துக்கறது? இது வராதோர் ஜன்னல். வந்திருந்தா தோத்தோர் ஜன்னலுக்குப் போகணும்."

தோற்றோர் ஜன்னலில் இரண்டு மணி நேரம் நின்றார்கள். அங்கே, "உங்க நம்பர் தோத்தவங்க பட்டியல்ல இல்லையே. பட்டியல்ல இல்லாதவங்களுக்கெல்லாம் செப்டம்பர் கெடையாது. செப்டம்பர் தோத்தவங்களுக்கு மட்டும்தான்" என்று திருப்பி அனுப்பினார்கள். மறுபடி யாக்கோபு.

யாக்கோபு நல்ல மனுஷன். பதினெட்டு வருஷமாக வராதவர்களோடு மட்டுமே பழகியதால் வந்தவர்கள்மேல் அவருக்கு இரக்கம் இருந்தது. பின்னால் ஒரு பெரிய அலமாரியைக் காட்டினார். "பட்டியல்ல வரலன்னு இருக்கும். ஆனா தாள் மட்டும் வந்துடும். திருத்தி மார்க்கும் போட்டுடுவாங்க. ஆளில்லாத தாள். எங்க போடறது? இங்கதான் போட்டு வெச்சிருக்கேன்."

"என் தமிழ்த் தாளோட நம்பர் அம்பத்தெட்டாயிரத்து எரநூத்திப் பதிமூணு" என்றாள் கங்கா.

இரண்டு நிமிஷத்தில் தாள் கிடைத்தது. மற்ற தாள்களின் எண்களையும் வரிசையாகச் சொன்னாள். கணக்கில் தொண்ணூற்றெட்டு. மற்றதிலெல்லாம் எழுபதுக்கு மேல். தமிழில் முப்பத்தொன்று. முப்பத்தைந்து இருந்தால்தான் பாஸ்.

"நாலு மார்க்குல போச்சா?" என்று சுந்தராம்பாள் தலையில் கைவைத்தாள். அப்புறம் சட்டென்று கையை எடுத்தாள். "அப்போ பெயில்தானே ஐயா? பெயில்னு எழுதிக் குடுத்துடுங்க. செப்டம்பர்ல எழுதட்டும்."

"பெயில் ஆகணும்னா மொதல்ல வந்திருக்கணும்மா. அதைத் துணைச் செயலர்தான் முடிவு பண்ணணும்."

துணைச் செயலர் கோதண்டராமன் தலைக்குமேல் ஒரு மின்விசிறியும், பின்னால் 'அடக்கமே அணி' என்ற படமும் இருந்தன. அவர் சுந்தராம்பாளை நிற்கவைத்துக்கொண்டே நீண்ட நேரம் பேசினார். பேசும்போதும் அவர் எழுத்துத் தமிழை விட்டு இறங்கவில்லை.

"அம்மா, பெருமன்றம் யாரையும் தோற்கடிப்பதில்லை. தோற்கும் வாய்ப்பை வழங்குகிறது. இவ்வாண்டு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அவ்வாய்ப்பை முறையாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். அவர்கள் பத்து மணிக்கு வந்து, மூன்று மணி நேரம் உட்கார்ந்து, உழைத்துத் தோற்றவர்கள். கேட்டு வருகிறவர்களுக்கெல்லாம் தோல்வியைத் தூக்கிக் கொடுத்துவிட்டால் அவர்களுக்கு என்ன மரியாதை?"

"எம் பொண்ணும் உக்காந்துதான் சாமி தோத்தா."

"அதற்கு ஆதாரம்?"

"தாள் கீதே. மார்க்கு கூட போட்டிருக்கீங்களே."

"தாளை நாங்கள் திருத்துகிறோம். படிப்பதில்லை." கோதண்டராமன் ஒரு படிவத்தை நீட்டினார். "தோல்வித் தகுதி விண்ணப்பம். உங்கள் மகள் இயல்பாகவே தோற்கக் கூடியவர் என்று அவரை நன்கறிந்த உள்ளூர்ப் பெரியவர்கள் இருவர் கையெழுத்திட வேண்டும். தகுதி இருந்தால் தோல்வி தேடி வரும்."

*

பதினேழு வருஷம் சுந்தராம்பாள் எந்தப் பேச்சோடு மல்லுக்கட்டினாளோ, அதை எழுத்தில் வாங்க இப்போது படிவத்தோடு தெருவில் இறங்கினாள். முதலில் பாப்பம்மாள் கடை.

"யக்கா, எம் பொண்ணு லூசுன்னு ஊரெல்லாம் சொல்லுவியே. அத்தெ இதுல எழுதிக் கையெழுத்து போடு."

பாப்பம்மாள் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டாள். "இன்னாடி இது, காலங்காத்தால? நான் எப்போ சொன்னேன்?"

"மாரியம்மன் கூழு ஊத்துன அன்னிக்கு. அதுக்கு மின்னாடி போன தீவாளிக்கு."

"அது சும்மா பேச்சுக்குச் சொன்னதுடி!"

"பேச்சுக்குச் சொன்னதைத்தான் எழுத்துல கேக்கறேன்."

"கங்கா இன்னா லேசுப்பட்ட பொண்ணா? பஸ் டைமெல்லாம் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்குதே. கவர்மெண்டு காயிதத்துல போய்ப் பொய்க் கையெழுத்து போட நான் ஆள் இல்லம்மா."

கடைக்குக் கடை இதே கதை. வாயால் சொன்னவர்கள் ஒருவர்கூடக் கையால் சொல்லத் தயாராக இல்லை. சைக்கிள் கடைக்காரர், கங்காவைப் போல் அறிவாளி வல்லம் வரைக்கும் கிடையாது என்று சத்தியமே செய்தார். தெரு முழுக்கத் தன் மகளைப் புகழ்ந்து பேசியதைச் சுந்தராம்பாள் அன்றுதான் கேட்டாள். சந்தோஷப்பட நேரமில்லை. ஜூலை நெருங்கிவிட்டது.

கடைசியில் தணிகாசலம் ஒரு கையெழுத்துப் போட்டான். "யக்கா, நான் எழுதறது பொய்னு அந்த முருகனுக்குத் தெரியும். நீ விடு" என்று சொல்லிக்கொண்டே போட்டான். அதைப் பார்த்துவிட்டு, பாப்பம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்தபடி வந்து இன்னொன்று போட்டாள். போட்ட பிறகு ஒரு வாரம் அவள் கங்காவின் பக்கமே திரும்பவில்லை.

*

ஜூலை ஒன்றாம் தேதி தாண்டவராயனையும் பெருமன்றத்துக்கு வரவழைத்திருந்தார்கள். அவர் முகம் வாடியிருந்தது. அன்று மாலையும் இல்லை.

"பட்டியல் சரி" என்றார் தாண்டவராயன்.

"தாளும் சரி" என்றார் கோதண்டராமன்.

"அப்ப எது தப்புங்க?" என்று கேட்டாள் சுந்தராம்பாள்.

இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள். அப்படி ஒரு வார்த்தையை அந்த அறையில் யாரும் அதற்கு முன் சொன்னதில்லை போலிருந்தது. கோதண்டராமன் தண்ணீர் குடித்தார்.

"தவறு என்று எதுவும் இல்லை. தேர்வாளர் இப்போது எங்கே இருக்கிறார்?"

"இதோ நிக்கறா."

"அதாவது, வந்துவிட்டார்." கோதண்டராமன் பேனாவைத் திறந்தார். "வராதவர் அல்ல. தாமதமாக வந்தவர். தேர்வு மார்ச் இருபத்தைந்து. இன்று ஜூலை ஒன்று. தாமதம்..."

"மூணு மாசம் ஆறு நாள்" என்றாள் கங்கா. "நான் தாமதமா வரல. ஒம்போதரைக்கே வந்தேன்."

"சும்மா இருடி" என்று சுந்தராம்பாள் அவள் கையை அழுத்தினாள். வாழ்க்கையில் முதல் முறையாக மகள் உண்மை பேசுவதை அவள் தடுத்தாள்.

மூன்று மாதம் ஆறு நாள் தாமதம் மன்னிக்கப்பட்டது. கங்கா தேர்வுக்கு வந்தாள், எழுதினாள், தோற்றாள். தாண்டவராயனுக்குத்தான் தாங்கவில்லை. "ஐயா, என் நூற்றுக்கு நூறு?" என்று கேட்டார்.

"கவலைப்படாதீர்கள். மாணவி உங்கள் பள்ளியில் தோற்கவில்லை. இந்த அறையில்தான் தோற்றார்."

தாண்டவராயன் எழுந்து நின்று கும்பிட்டார்.

சான்றிதழுக்கு முத்திரை வைக்க யாக்கோபிடம் அனுப்பினார்கள். அவர் கங்காவின் தமிழ்த் தாளை மேஜையில் வைத்து அரக்கை உருக்கிக்கொண்டிருந்தார். "முத்திரை விழுந்துட்டா இது தேர்வாளரோட தாள். ரகசியம். அப்புறம் யாரும் பார்க்கக் கூடாது. இப்போதைக்கு இது யாரோட தாளும் இல்ல" என்று சொல்லிவிட்டு, கதவைப் பார்த்தார். "அரக்கு உருகறதுக்குள்ள படிச்சுக் காட்டட்டுமா?"

கட்டுரைக் கேள்விக்கு இருபது மார்க். 'உன் தாயைப் பற்றி இரண்டு பக்க அளவில் எழுதுக.' அதற்குக் கீழே கங்கா கோடு போட்ட மாதிரி அழகான கையெழுத்தில் மூன்று வரி எழுதியிருந்தாள். யாக்கோபு படித்தார்:

"நுழைவுச் சீட்டின் பின்புறம் உள்ள பதினான்கு விதிகளில் ஏழாவது விதி: தேர்வாளர் யார் என்று அடையாளம் தெரியும்படி விடைத்தாளில் எதையும் எழுதக் கூடாது. என் அம்மாவைப் பற்றி எழுதினால் நான் யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஆகையால் எழுதவில்லை."

பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு பூஜ்யம். 'கேள்விக்குப் பொருந்தாத விடை.'

"பதினெட்டு வருஷத்துல," என்றார் யாக்கோபு, "அந்தச் சீட்டோட பின்பக்கத்தைப் படிச்ச ஒரே ஆள் இந்தப் பொண்ணுதாம்மா. நானே படிச்சதில்ல." அரக்கை ஊற்றி முத்திரையை அழுத்தினார். தாள் ரகசியமாகிவிட்டது.

*

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் கங்கா உட்கார்ந்திருந்தாள். 'தோற்றார்' என்று எழுதிய சான்றிதழைச் சுந்தராம்பாள் கசங்காமல் மடியில் வைத்திருந்தாள். பஸ் படப்பையைத் தாண்டியது. அப்புறம் கேட்டாள்.

"ஏண்டி, எம்மாம் பேர் இட்லிக் கடை வெச்சிக்கிறாங்க. என்னப் பத்தி எழுதுனா நீ யாருன்னு எப்பிடித் தெரியும்?"

கங்கா வெளியே பார்த்தபடி, விதிகளை ஒப்பிக்கும் அதே குரலில் சொன்னாள்.

"ஒண்ணு. அம்மாவோட தட்டுல பதினாறு குழி, பதினஞ்சு இட்லி. ரெண்டு. ஆறே காலு பஸ் வளைவுல திரும்பறதுக்கு மின்னாடியே அம்மா வந்து என் காதைப் பொத்தும். அதனால காலையில எப்பவும் என் காதுல மாவு இருக்கும். மூணு. சட்னி இட்லி மேல பட்டா நான் சாப்பிட மாட்டேன். அம்மா எனக்கு ரெண்டு தட்டு வெக்கும். கழுவறது அதுதான். நாலு. என்னப் பாத்து யாரனா சிரிச்சா அம்மா அவங்களுக்கு இன்னும் ரெண்டு இட்லி வெச்சு வாயை அடைக்கும். அஞ்சு." அவள் கொஞ்சம் நிறுத்தினாள். "பேப்பர்ல என் நம்பர் இல்லாத அன்னிக்கு அம்மா ஒம்போதாவது குழியிலயும் மாவு ஊத்துச்சு. அது அப்புறம் நடந்தது. மார்ச்சுல எழுதியிருக்க முடியாது."

எதிரே ஒரு லாரி ஹார்ன் அடித்துக்கொண்டு வந்தது. சுந்தராம்பாள் சான்றிதழைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கைகளாலும் மகளின் காதைப் பொத்தினாள். லாரி போய்விட்டது. கையை எடுக்கவில்லை.

பின்னாலிருந்து தணிகாசலத்தின் குரல் கேட்டது. "யக்கா, காயிதம் கீழ கெடக்குது."

"கெடக்கட்டும்" என்றாள்.

செப்டம்பர் பரீட்சையில் தாயைப் பற்றிக் கேட்கவில்லை. பசுவைப் பற்றிக் கேட்டார்கள். பசுவால் யாருக்கும் அடையாளம் தெரியாது என்பதால் கங்கா இரண்டு பக்கம் எழுதினாள். நவம்பரில் அவளுடைய எண் பேப்பரில் வந்தது. ஜனவரியில் கடிதங்கள் அவள் கைக்கு வந்தன. தாண்டவராயன் பள்ளி வாசலில் மறுபடியும் வாழைமரம் கட்டினார். வந்தவர் முப்பத்தெட்டு, தேறியவர் முப்பத்தொன்பது. நூற்றுக்கு எவ்வளவு என்று கணக்குப் போடத் தெரியாமல் கங்காவுக்கே ஆள் அனுப்பினார். "நூத்தி ரெண்டு புள்ளி ஆறு மூணு" என்று சொல்லி அனுப்பினாள். துணியில் அப்படியே எழுதித் தொங்கவிட்டார். பெருமன்றத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது.

தமிழில் முன்பு முப்பத்தொன்று, இப்போது நாற்பத்தொன்பது. நடுவில் இருக்கும் பதினெட்டும் பசுவினுடையது. அந்தப் பசுவுக்கே பதினெட்டு என்றால், பஸ்ஸில் கேட்டதற்கு எவ்வளவு போடலாம் என்று சுந்தராம்பாள் மாவு ஊற்றும்போதெல்லாம் யோசித்துப் பார்த்தாள். ஒரு நாள் போட்டும் விட்டாள். எவ்வளவு என்று பாப்பம்மாள் எவ்வளவோ கேட்டும் சொல்லவில்லை. ஏழாவது விதி அப்படி.